டெப் தொகுப்பு: மென்பொருள் மூடியிருந்தால் புதுப்பிப்பு தோற்கிறது, திறந்திருந்தால் வெற்றி பெற்று ஐகானைத் தொலைக்கிறது

கேள்வி

வணக்கம். நாங்கள் மூவர் சேர்ந்து, குறிப்பெடுக்கவும் எடுத்த குறிப்புகளைத் தேடவும் உதவும் ஒரு சிறிய மேசைக்கணினி மென்பொருளைப் பராமரித்து வருகிறோம். பல ஆண்டுகள் அதைச் சுருக்கப்பட்ட கோப்பாகவே வழங்கி வந்தோம், பதிப்பு 3.1-இல்தான் முதன்முறையாக டெபியன், உபுண்டு பயனர்களுக்கு டெப் தொகுப்பும், ஃபெடோரா பயனர்களுக்கு ஆர்பிஎம் தொகுப்பும் உருவாக்கி, சொந்தக் களஞ்சியத்தில் வைத்தோம். அந்தப் பதிப்பை நிறுவுவதில் யாருக்கும் எந்தச் சிக்கலும் வரவில்லை.

சென்ற வாரம் 3.2-ஐ வெளியிட்டோம். அன்று மாலையே இரண்டு வகையான புகார்கள் வரத் தொடங்கின. முதல் வகையினருக்குப் புதுப்பிப்பே நடக்கவில்லை: தொகுப்போடு வரும் ப்ரீஆர்எம் (நீக்குவதற்கு முன் ஓடும்) ஸ்கிரிப்ட் 1 என்ற பிழைநிலையோடு முடிந்தது என்று, டெப் தொகுப்புகளை நிறுவும் கருவியான டிபிகேஜி சொல்லி நின்றுவிடுகிறது, பழைய பதிப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாம் வகையினருக்குப் புதுப்பிப்பு எந்தப் பிழையும் இல்லாமல் முடிகிறது. ஆனால் அதன்பின் மெனுவில் எங்கள் மென்பொருளின் ஐகான் இல்லை. டெர்மினலில் பெயரைத் தட்டினால் மென்பொருள் திறக்கிறது, பதிப்பும் 3.2 என்றே காட்டுகிறது. தொகுப்பை முழுமையாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் ஐகான் திரும்ப வந்துவிடுகிறது.

இதில் எங்களைக் குழப்பிய செய்தி ஒன்று உண்டு. முதல் வகைப் பயனர் ஒருவர், மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு புதுப்பித்தால் வேலை செய்கிறது, மூடிவிட்டுப் புதுப்பித்தால்தான் தோற்கிறது என்று எழுதியிருந்தார். வழக்கமாக எல்லோரும் சொல்லும் அறிவுரைக்கு நேர்மாறாக இருந்ததால் நாங்கள் முதலில் அதை நம்பவில்லை. பிறகு நாங்களே செய்து பார்த்தோம். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

எங்கள் ஸ்கிரிப்டுகள் மிகச் சிறியவை. ப்ரீஆர்எம்மில் ‘செட் -ஈ’ என்ற வரியும், அதன்கீழ் மென்பொருளின் பெயரோடு ‘கில்ஆல்’ என்ற வரியும் மட்டுமே உள்ளன. நீக்கிய பிறகு ஓடும் போஸ்ட்ஆர்எம்மில், அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் உள்ள, மெனுவில் ஐகானைக் காட்டும் எங்கள் டெஸ்க்டாப் கோப்பை ‘ஆர்எம் -எஃப்’ கொண்டு அழித்துவிட்டு, மெனுவின் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டுகிறோம். இரண்டுமே 3.1-இல் இருந்தபடியே 3.2-இலும் உள்ளன. வெளியிடுவதற்கு முன் சுத்தமான மெய்நிகர் கணினியில் நான்கைந்து முறை நிறுவிப் பார்த்தோம்; ஒருமுறைகூடப் பிழை வரவில்லை. பழுதான தொகுப்புகளைச் சரிசெய்யும் ஆப்ட் கட்டளையையும் பயனர்களிடம் ஓட்டச் சொன்னோம். சரிசெய்ய ஒன்றுமில்லை என்கிறது. எங்கே தவறுகிறோம்?

மறுமொழி 1

உங்கள் இரண்டு புகார்களும் ஒரே தவறான அனுமானத்திலிருந்து வருபவை. ப்ரீஆர்எம், போஸ்ட்ஆர்எம் என்ற பெயர்களைப் பார்த்து, இவை தொகுப்பை நீக்கும்போது மட்டும் ஓடும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் இவை ஓடும்; அதிலும், ஓடுபவை பயனரின் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பழைய பதிப்பின் ஸ்கிரிப்டுகள். 3.2-க்குப் புதுப்பிக்கும் வேலையில் பாதியை 3.1 செய்கிறது.

வரிசையைச் சொல்கிறேன். டிபிகேஜி முதலில் பழைய ப்ரீஆர்எம்மை ‘அப்கிரேட்’ என்ற சொல்லோடு அழைக்கும். அடுத்துப் புதிய ப்ரீஇன்ஸ்ட் (நிறுவலுக்கு முந்தைய ஸ்கிரிப்ட்) ஓடும், புதிய கோப்புகள் விரிக்கப்படும். அதற்குப் பிறகு (இந்த இடத்தைக் கவனியுங்கள்) பழைய போஸ்ட்ஆர்எம் ‘அப்கிரேட்’ என்ற சொல்லோடு ஓடும். கடைசியில்தான் புதிய போஸ்ட்இன்ஸ்ட் (நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட்) ஓடும்.

இப்போது உங்கள் புதிரை அவிழ்க்கலாம். ‘கில்ஆல்’ கட்டளை, கொல்வதற்கு எந்தச் செயல்முறையும் கிடைக்காவிட்டால் 1 என்ற நிலையோடு முடியும். ‘செட் -ஈ’ இருப்பதால் அந்த 1 ஸ்கிரிப்டையே நிறுத்துகிறது. மென்பொருள் திறந்திருந்தால் அதைக் கொன்றுவிட்டு, வெற்றி என்று பொருள்படும் 0 தருகிறது, புதுப்பிப்பு நகர்கிறது. உங்கள் பயனர் கண்டது அதைத்தான். நகர்ந்த புதுப்பிப்பில், 3.2-இன் டெஸ்க்டாப் கோப்பு வட்டில் எழுதப்பட்ட பிறகு 3.1-இன் போஸ்ட்ஆர்எம் வந்து அதே பெயருள்ள கோப்பை அழித்துவிட்டுப் போகிறது. ஐகான் தொலைந்த கணினி ஒன்றில் தொகுப்பின் பெயரோடு ‘டிபிகேஜி --வெரிஃபை’ ஓட்டச் சொல்லுங்கள். ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லும் அதன் பக்கத்தில் அந்தக் கோப்பின் பாதையும் வரும். பட்டியலில் இருக்கிறது, வட்டில் இல்லை.

முதல் சிக்கலுக்கு வழி டிபிகேஜியிலேயே இருக்கிறது. பிழைச்செய்தியின் கடைசி வரியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் இரண்டு வரிகளைப் பாருங்கள். பழைய ஸ்கிரிப்ட் தோற்றதால், புதிய தொகுப்பில் உள்ள ஸ்கிரிப்டை முயன்று பார்ப்பதாக ஓர் எச்சரிக்கை இருக்கும். பழைய ப்ரீஆர்எம் தோற்றால், டிபிகேஜி புதிய தொகுப்பின் ப்ரீஆர்எம்மை ‘ஃபெயில்டு-அப்கிரேட்’ என்ற சொல்லோடு அழைக்கும். அது 0 தந்தால் எதுவும் நடக்காதது போல வேலை தொடரும். உங்கள் 3.2-இலும் அதே ‘கில்ஆல்’ வரி இருப்பதால் அந்த இரண்டாவது வாய்ப்பும் வீணானது. ஆகவே 3.3-இன் ப்ரீஆர்எம்மில் $1 (ஸ்கிரிப்டை அழைக்கும்போது டிபிகேஜி தரும் முதல் சொல்) என்ன என்று பார்த்து, ‘ரிமூவ்’ என்றிருந்தால் மட்டும் ஏதாவது செய்யுங்கள்; ‘அப்கிரேட்’, ‘ஃபெயில்டு-அப்கிரேட்’ இரண்டுக்கும் ஒன்றும் செய்யாமல் 0 தந்து வெளியேறுங்கள். இதனால் 3.1 வைத்திருப்பவரும் 3.2 வைத்திருப்பவரும் தடையின்றிக் கடந்துவிடுவார்கள்.

ஆப்டின் பழுதுநீக்கும் கட்டளைக்கு ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணம். இரண்டு வாய்ப்புகளும் தோற்றதும் டிபிகேஜி பழைய போஸ்ட்இன்ஸ்டை அழைத்துப் பழைய பதிப்பை ஒழுங்கான நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அதன் கணக்கில் எதுவும் பழுதாகவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ‘கில்ஆல்’ எதற்கு? இயங்கும் கோப்பின் மேல் எழுத முடியாத விண்டோஸ் பழக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். லினக்ஸில் டிபிகேஜி புதிய கோப்பைப் பக்கத்தில் வேறு பெயரில் எழுதிவிட்டு, பிறகு பெயரை மாற்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை பழைய கோப்பின் ஐநோடை (வட்டில் அந்தக் கோப்புக்கான உள்பதிவை) பிடித்துக்கொண்டு நிம்மதியாக ஓடும். உங்கள் ஸ்கிரிப்ட் ரூட் (நிர்வாகியின் முழு) உரிமையோடு ஓடுவதால், ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில், வேறொருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் சேமிக்காத குறிப்பையும் சேர்த்துக் கொல்கிறது. ஐகான் போன புகாரைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மென்பொருளே தன் கோப்பு மாறியதைக் கவனித்து, மறுபடி திறக்கும்படி பயனரிடம் கேட்பது நல்லது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் சரி. ஆனால் ஐகான் சிக்கலுக்குத் தீர்வு சொல்லப்படவில்லை. 3.3-இன் ப்ரீஇன்ஸ்ட், பழைய போஸ்ட்ஆர்எம் ஓடுவதற்கு முன்பே ஓடுகிறது அல்லவா? அந்த நேரத்தில் டிபிகேஜியின் தகவல் கோப்புறைக்குள் இருக்கும் பழைய போஸ்ட்ஆர்எம்மைத் திறந்து, அந்த ‘ஆர்எம்’ வரியை நீக்கிவிட்டால் போதும். ஒரே வரியில் முடியும் வேலை. நான் ஒருமுறை அலுவலகத்துக்குள் இப்படிச் செய்து தப்பித்திருக்கிறேன்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பத்துக் கணினிகளில் கையால் செய்தால் நானும் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் கோப்புறை டிபிகேஜியின் சொந்தக் கணக்குப் புத்தகம்; ஒரு தொகுப்பு தன் ஸ்கிரிப்டின் வழியே அதைத் திருத்துவது முறையல்ல. டிபிகேஜி நாளை அந்தத் தகவலை வேறு வடிவில் வைத்தால் உங்கள் ஒரு வரி எதைத் திருத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டெஸ்க்டாப் கோப்பின் பெயரையே மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பழைய பெயரை அழிக்க வரும் ஸ்கிரிப்டுக்குப் புதிய பெயர் தெரியாது என்பதால் ஐகான் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஐகானைப் பணிப்பட்டையில் பொருத்தி வைத்தவர்கள் எல்லோருக்கும் அது காணாமல் போகும். ஒரு புகாருக்குப் பதில் இன்னொரு புகார்.

நான் செய்வது இது. டெஸ்க்டாப் கோப்பின் இன்னொரு படியையும் தொகுப்பில் உங்கள் மென்பொருளின் சொந்தக் கோப்புறைக்குள் வையுங்கள். புதிய போஸ்ட்இன்ஸ்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓடுவதால், $1 ‘கன்ஃபிகர்’ என்றும் $2-இல் (இரண்டாவதாகத் தரப்படுவதில்) உள்ள பழைய பதிப்பெண் 3.3-க்கு முந்தையது என்றும் இருந்து, மெனுவில் கோப்பும் இல்லாவிட்டால், அந்தப் படியை அதன் இடத்தில் வைக்கட்டும். பதிப்பெண்ணை ஒப்பிட டிபிகேஜியின் ஒப்பீட்டுக் கட்டளையில் ‘எல்டி-என்எல்’ என்ற, முந்தையதா என்று பார்க்கும் வகையைப் பயன்படுத்துங்கள். முதன்முறை நிறுவும்போது $2 வெறுமையாக இருக்கும், அந்த வெறுமையை இந்த வகை எல்லாப் பதிப்புக்கும் பிந்தையதாகக் கொள்ளும். படி வைக்கப்படும் பாதை தொகுப்பின் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதால், பின்னாளில் தொகுப்பை நீக்கும்போது டிபிகேஜியே அதைத் துடைத்துவிடும்.

அந்த ஒட்டுப்போட்ட வரிகளை 3.4-இல் எடுத்துவிடாதீர்கள். கணினியை ஆறு மாதம் மூடி வைத்திருந்து, 3.1-இலிருந்து நேராக 3.6-க்குத் தாவும் பயனர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருடைய கணினியில் ஓடப்போவதும் அதே பழைய போஸ்ட்ஆர்எம்தான். 3.2-இலிருந்து மேலேறுவதை நீங்கள் ஆதரிக்கும் வரை அவை இருக்க வேண்டும்.

புதிய போஸ்ட்ஆர்எம்மைப் பொறுத்தவரை, அதை முழுதாகத் தூக்கி எறியுங்கள். தொகுப்போடு வந்த கோப்பை டிபிகேஜியே அழிக்கும். மெனு தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் வேலையை, அந்தக் கோப்புறையைக் கவனித்துக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் கோப்புக் கருவித் தொகுப்பின் ட்ரிகர் (மாற்றம் கண்டதும் தானாக ஓடும் வேலை) பார்த்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய இரண்டு வரிகளில் ஒன்று தேவையற்றது, மற்றொன்று தீங்கானது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ‘--வெரிஃபை’ ஓட்டச் சொன்னோம். நீங்கள் சொன்னபடியே ‘மிஸ்ஸிங்’ என்று வந்தது. சுத்தமான கணினியில் எத்தனை முறை நிறுவிப் பார்த்தாலும் இது வெளிப்பட்டிருக்காது என்பது இப்போதுதான் உறைக்கிறது; அங்கே பழைய பதிப்பே இல்லையே. எங்கள் சொந்தக் கணினிகளிலோ மென்பொருள் நாள் முழுதும் திறந்தே கிடக்கும். ஐகான் போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை, ஏனென்றால் எங்களில் யாரும் மெனுவிலிருந்து அதைத் திறப்பதில்லை.

நீங்கள் சொன்ன மாற்றங்களைச் செய்துவிட்டோம். ஆர்வமுள்ள பயனர்கள் சிலருக்கு மட்டும் முதலில் 3.3-பீட்டா1 என்ற பதிப்பெண்ணில் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு 3.3-ஐ எல்லோருக்கும் வெளியிட நினைக்கிறோம். ஆர்பிஎம் தொகுப்பிலும் இதே ஸ்கிரிப்டுகளை அப்படியே ஒட்டியிருக்கிறோம்; அங்கும் இதே திருத்தம் போதுமா?

மறுமொழி 3

இரண்டுக்குமே, வேண்டாம் என்பதுதான் பதில். முதலில் பதிப்பெண். 3.3-பீட்டா1 என்று எழுதினால், இடைக்கோட்டுக்குப் பின் இருப்பதை டிபிகேஜி தொகுப்பின் திருத்த எண்ணாகப் படிக்கும், 3.3-பீட்டா1 என்பது 3.3-ஐவிடப் பெரியது என்று முடிவுசெய்யும். உங்கள் ஆர்வமுள்ள பயனர்கள் பீட்டாவிலேயே தங்கிவிடுவார்கள், 3.3 வந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. 3.3-1 என்று வெளியிட்டாலும் பயனில்லை, எழுத்தில் தொடங்குவது எண்ணில் தொடங்குவதைவிடப் பெரியதாகவே கொள்ளப்படும். இடைக்கோட்டுக்குப் பதில் அலைக்குறி போட்டு 3.3~பீட்டா1 என்று எழுதுங்கள். அலைக்குறி மட்டும்தான் வெறுமைக்கும் முன்னால் வரிசைப்படும்; அதனால் அது 3.3-க்கு முந்தையதாகிறது. போஸ்ட்இன்ஸ்டில் ஒப்பிடும்போதும் 3.3 என்று எழுதாமல் வெறும் அலைக்குறியில் முடியும்படி ‘3.3~’ என்று எழுதினால், பீட்டாவும் திருத்தப்பட்ட பதிப்பாகவே கொள்ளப்படும். ஆர்பிஎம்மும் 4.10 பதிப்பிலிருந்து அலைக்குறியை இதே பொருளில் எடுத்துக்கொள்கிறது. இடைக்கோடு அங்கே பதிப்பெண்ணுக்குள் வரவே கூடாது.

அடுத்து ஆர்பிஎம். நோய் ஒன்றுதான் என்றாலும் வரிசை வேறு. அங்கே புதிய தொகுப்பின் ‘%போஸ்ட்’ (நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட்) முன்னால் ஓடிவிடும். அதற்குப் பிறகே பழைய தொகுப்பின் ‘%ப்ரீயுஎன்’ (நீக்கத்துக்கு முந்தையது), பழைய கோப்புகளின் நீக்கம், பழைய ‘%போஸ்ட்யுஎன்’ (நீக்கத்துக்குப் பிந்தையது) எல்லாம் வரும். அதாவது, ‘%போஸ்ட்’டில் நீங்கள் ஐகானை மீட்டு வைத்தாலும், அதன்பின் பழைய ஸ்கிரிப்ட் வந்து மறுபடி அழித்துவிடும். மீட்கும் வேலையைப் புதிய தொகுப்பின் ‘%போஸ்ட்ட்ரான்ஸ்’ பகுதியில் வையுங்கள். மொத்தப் பரிமாற்றமும் முடிந்த பிறகே அது ஓடும்.

$1-இன் பொருளும் வேறு. டெபியனில் அது ஒரு சொல். ஆர்பிஎம்மில், இந்த வேலை முடிந்தபின் அந்தத் தொகுப்பின் எத்தனை பதிப்புகள் மிஞ்சும் என்ற எண். நீக்கும் ஸ்கிரிப்டுகளில் 0 என்றால் உண்மையான நீக்கம், 1 என்றால் புதுப்பிப்பு. ‘ரிமூவ்’ என்ற சொல்லோடு ஒப்பிடும் டெபியன் வரியை இங்கே அப்படியே ஒட்டினால் அது ஒருபோதும் பொருந்தாது.

இன்னொன்றையும் உங்கள் ஃபெடோரா பயனர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய ‘%ப்ரீயுஎன்’ தோற்றால் ஆர்பிஎம் பின்வாங்குவதில்லை. புதியது நிறுவப்பட்டுவிட்டது, பழையதை மட்டும் நீக்க முடியாமல் விட்டுவிடும். ‘ஆர்பிஎம் -கியூ’ என்று தொகுப்பின் பெயரைக் கேட்டால் 3.1, 3.2 இரண்டையும் காட்டும். டெப் பயனர்கள் பிழையைக் கண்டு உங்களிடம் வந்தார்கள். இவர்களில் பலருக்குத் தங்கள் தரவுத்தளத்தில் இரட்டைப் பதிவு இருப்பதே தெரிந்திருக்காது. மென்பொருளை மூடியிருக்கும்போது, பழைய பதிப்பெண்ணை முழுதாகக் குறிப்பிட்டு, ‘--நோஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தெரிவோடு அதை நீக்கச் சொல்லுங்கள். புதிய பதிப்புக்கும் உரிய கோப்புகளை ஆர்பிஎம் தொடாது.

மறுமொழி 4

இவ்வளவு தலைவலி எதற்கு? எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொதுவான தொகுப்பு முறையான ஃப்ளாட்பேக்குக்கு மாறிவிடுங்கள். அங்கே பயனரின் கணினியில் ரூட் உரிமையோடு ஓடும் நிறுவல் ஸ்கிரிப்ட் என்ற பேச்சே இல்லை. புதிய பதிப்பு முழுதாக இறங்கிய பிறகே பழையதன் இடத்துக்கு வருகிறது, ஓடிக்கொண்டிருப்பது மூடும்வரை பழையதாகவே ஓடுகிறது.

மறுமொழி 3-ஐ எழுதியவர்

அடுத்த ஆண்டுக்கு நல்ல யோசனை. நானும் அதையே விரும்புவேன். ஆனால் 3.1-உம் 3.2-உம் ஏற்கெனவே பயனர்களின் கணினிகளில் இருக்கின்றன, அவற்றின் ஸ்கிரிப்டுகளும் இருக்கின்றன. மாறுவதற்கு முன் டெப் தொகுப்பை நீக்கச் சொன்னாலும், மென்பொருள் மூடியிருந்தால் அதே ‘கில்ஆல்’ வரி அந்த நீக்கத்தையும் தடுக்கும். முதலில் 3.3 எல்லோரையும் சென்றடையட்டும்.

விண்டோஸுக்குப் போனாலும் இதிலிருந்து விடுதலை இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். அங்கே பயன்படும் எம்எஸ்ஐ நிறுவல் தொகுப்பின் ஒரு படி விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் கோப்புறையில் சேமிக்கப்படுகிறது. பெரிய புதுப்பிப்பின்போது பழைய பதிப்பை நீக்குவது அந்தப் படியில் உள்ள கட்டளைகள்தான். போதாததற்கு, பதிப்பெண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே அது ஒப்பிடும், 3.2.0.1-உம் 3.2.0.2-உம் அதன் கண்ணுக்கு ஒன்றே.

கேட்டவர்

3.3~பீட்டா1-ஐ நேற்று இரவு சோதித்தோம். இம்முறை மெய்நிகர் கணினியில் முதலில் 3.1-ஐ நிறுவி, மென்பொருளை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, பிறகு புதுப்பித்தோம். ஸ்கிரிப்டுகள் அழைக்கப்படும் வரிசையைக் காண டிபிகேஜியை ‘-டி2’ என்ற தெரிவோடு ஓட்டினோம். பழைய ப்ரீஆர்எம் எதிர்பார்த்தபடியே தோற்றது. புதிய தொகுப்பின் ஸ்கிரிப்டை முயல்வதாக எச்சரிக்கை வந்தது. அடுத்த வரியில், அது சரியாகப் போய்விட்டதாகத் தெரிகிறது என்று டிபிகேஜி சற்றே சந்தேகத்தோடு எழுதிவிட்டு மேலே நகர்ந்தது. மெனுவில் ஐகான் இருந்தது. 3.2-இலிருந்தும், மென்பொருளைத் திறந்து வைத்தும், எதுவும் இல்லாத கணினியிலும் இதையே செய்து பார்த்தோம். எல்லாம் சரியாக உள்ளன. இந்த நான்கையும் வெளியீட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனைகளாக எழுதிவிட்டோம்.

ஃபெடோரா பயனர்கள் ஐவரிடம் கேட்டதில் மூவரிடம் இரண்டு பதிப்புகளும் இருந்தன. ‘--நோஸ்கிரிப்ட்ஸ்’ கொண்டு பழையதை நீக்கியதும் ஒன்றாகிவிட்டது. அவர்களுக்கான திருத்தத்தை ‘%போஸ்ட்ட்ரான்ஸ்’ பகுதிக்கு நகர்த்திவிட்டோம். அதைச் சோதித்தபின் இரண்டு களஞ்சியங்களிலும் ஒரே நாளில் 3.3-ஐ வைக்கிறோம். மூடியிருந்தால்தான் தோற்கிறது என்று எழுதிய அந்தப் பயனரிடம், முதலில் நம்பாததற்கு மன்னிப்புக் கேட்டு இன்று காலை மடல் அனுப்பினேன்.